விண்ணில் நிற்கும் எச்சம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் விண்வெளிக் குப்பை பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு விடை உண்டு. இச்சிக்கலின் ஒரு பாதி அறிவியலைச் சார்ந்தது. மறுபாதி சொல்லைச் சார்ந்தது. ஒரு பொருளுக்கு இடப்படும் பெயர், அப்பொருளின்பால் மனிதர் கொள்ளும் கடமையையும் வரையறுத்துவிடுகிறது. 'குப்பை' என்னும் பெயர் விண்வெளிக்குப் பொருந்துமா என்பதே இவ்வுரையின் வினா.

தமிழ், வானத்தை 'விண்' என்றது. 'வெளி' என்றும் சொன்னது. தடையற்றுத் திறந்து கிடப்பது வெளி. 1957ஆம் ஆண்டு வரை மேலேயுள்ள வெளிக்கு அப்பெயர் முற்றும் பொருந்தியது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக்கோளை ஏவியது. மூன்று திங்கள் சுற்றிய பின்னர், 1958 சனவரி 4ஆம் நாள் அது காற்று மண்டலத்தில் எரிந்து மறைந்தது. வந்த சுவடின்றிச் சென்ற விருந்து அது. ஆனால் 1958 மார்ச் 17ஆம் நாள் அமெரிக்கா ஏவிய வான்கார்டு-1 அவ்வாறு செல்லவில்லை. பம்பளிமாசுப் பழத்தின் அளவும் ஒன்றரைக் கிலோ எடையும் உடைய அவ்வுலோக உருண்டை 1964ஆம் ஆண்டிலேயே பேச்சை நிறுத்திக்கொண்டது. எனினும் இன்றும் புவியைச் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. மனிதர் செய்து மேலே அனுப்பியவற்றுள் இன்னும் சுற்றுப்பாதையில் நிற்கும் மிகப் பழைய பொருள் அதுவே. அதனை ஏவியவர்களின் தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அது முடியவில்லை.

ஒன்று விரைவில் மறைந்ததற்கும் மற்றொன்று நிலைத்ததற்கும் காரணம் உயரமே. தாழ்சுற்றுப் பாதையில் உள்ள பொருள் நொடிக்கு ஏழு கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் விரைகிறது. தாழ்ந்த உயரத்தில் மிகமிக மெல்லிய காற்று அதனை உரசி வேகத்தைக் குறைக்கிறது. பொருள் படிப்படியாக இறங்கி எரிகிறது. 600 கி.மீ.க்குக் கீழே விடப்பட்டவை சில ஆண்டுகளில் வீழ்ந்துவிடும். 800 கி.மீ. உயரத்தில் உள்ளவை நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். 1,000 கி.மீ.க்கு மேல் விடப்பட்டவை ஆயிரம் ஆண்டுகளும் அதற்கு மேலும் சுற்றிவரும். தொலைபேசி, தொலைக்காட்சிக் கோள்கள் நிற்கும் 36,000 கி.மீ. உயரத்தில் உரசுவதற்குக் காற்றே இல்லை. தரையில் வீசப்பட்டது மட்கும். கடலில் வீசப்பட்டது அமிழும். அவ்வுயரங்களில் விடப்பட்டதோ, விட்ட வேகத்தோடே ஓடிக்கொண்டிருக்கும்.

அவ்வோட்டம் என்ன செய்யும் என்பதை உலகிற்கு உணர்த்திய நாள் 2009 பிப்ரவரி 10. அமெரிக்க நிறுவனமொன்றின் இரிடியம்-33 என்னும் தகவல் தொடர்புக் கோள் அன்று வழக்கம்போல் பணியாற்றிக்கொண்டிருந்தது. 1993இல் ஏவப்பட்டு, சில ஆண்டுகளிலேயே செயலிழந்து கைவிடப்பட்ட உருசிய நாட்டுக் காஸ்மோஸ்-2251 மற்றொரு பாதையில் வந்துகொண்டிருந்தது. அவ்விரண்டும் ஒன்றையொன்று 584 மீட்டர் இடைவெளியில் கடந்துவிடும் என்று ஒரு கணிப்பு கூறியிருந்தது. அந்த இடைவெளி பொய்த்தது. சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்திற்கு மேலே 789 கி.மீ. உயரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 11.7 கி.மீ. என்னும் ஒப்பு வேகத்தில் இரண்டும் மோதின. இரு முழுக் கோள்கள் ஒன்றோடொன்று தற்செயலாக மோதியது வரலாற்றில் அதுவே முதன்முறை. கண்காணிக்கத்தக்க அளவுள்ள 2,000க்கு மேற்பட்ட துண்டுகள் பிறந்தன. அவற்றுள் பல இன்றும் மேலே உள்ளன. உயிருள்ளதை உயிரற்றது கொன்றது. இரண்டும் சேர்ந்து ஆயிரங்களாயின.

இதனை முன்னரே கண்டு சொன்னவர்கள் உண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவைச் சேர்ந்த டொனால்ட் கெஸ்லர், பர்ட்டன் கூர்-பாலே ஆகிய இருவரும் 1978இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கோள்கள் மோதித் துண்டுகள் பிறக்கும். அத்துண்டுகள் பிற கோள்களை மோதும். அவை மேலும் துண்டுகளை ஈனும். இங்ஙனம் புவியைச் சுற்றிச் சிதறல் வளையமொன்று உருவாகும் என்பது அதன் சாரம். அடர்த்தி ஓர் எல்லையைக் கடந்துவிட்டால், புதிதாக ஒன்றையும் ஏவாவிடினும் சிதறல் தானே பெருகும் என்பதே இக்கருத்தில் அஞ்சத்தக்க பகுதி. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது நாட்டு வழக்கு. விண்ணில் கொட்டியது சொல்லின் இனத்தைச் சேர்ந்தது.

துண்டு சிறிதுதானே என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 1983இல் சேலஞ்சர் விண்ணோடத்தின் சன்னலில் மோதிக் குழி பறித்தது ஒரு வண்ணப்பூச்சுத் துகள். அதன் அளவு ஒரு மில்லிமீட்டரிலும் குறைவு; ஆயினும் அச்சன்னலை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு செ.மீ. துண்டு ஒரு கோளையே செயலிழக்கச் செய்ய வல்லது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, ஒரு செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகள் 12 இலட்சத்திற்கு மேல் இருப்பதாக மதிப்பிடுகிறது. தரையிலிருந்து தொடர்ந்து கண்காணிக்கப்படுபவை ஏறத்தாழ 40,000 மட்டுமே. மற்றவை கண்ணுக்குத் தெரியாமல் வருவன.

தற்செயலால் பிறந்தவை ஒருபுறமிருக்க, வேண்டுமென்றே உடைத்துப் பிறந்தவையும் உண்டு. 2007 சனவரி 11ஆம் நாள் சீனா, தன் பழைய வானிலைக் கோளாகிய ஃபெங்யுன்-1சியை ஏறத்தாழ 860 கி.மீ. உயரத்தில் ஏவுகணையால் தகர்த்தது. கண்காணிக்கத்தக்க துண்டுகள் 3,000க்கு மேல் எழுந்தன. 2019 மார்ச் 27ஆம் நாள் இந்தியாவும் அத்தகைய சோதனையொன்றை நடத்தியது. 300 கி.மீ.க்குக் குறைந்த உயரத்தைத் தேர்ந்தமையால் துண்டுகளில் பெரும்பாலானவை விரைவில் வீழ்ந்தன. மோதலின் விசையால் மேலே எறியப்பட்ட சில, கூடுதல் காலம் நின்றன. 2021 நவம்பர் 15ஆம் நாள் உருசியா காஸ்மோஸ்-1408ஐத் தகர்த்தபோது, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தோர் தம் ஊர்திகளுக்குள் புகுந்து காத்திருக்க நேர்ந்தது. அவர்களுள் உருசியரும் இருந்தனர். வீசிய கல் வீசியவன் வீட்டுக் கூரையையும் அறியாது.

இங்கு இழப்பு யாருடையது? புயல் உருவாவதைக் கண்டு சொல்லும் துருவச் சுற்று வானிலைக் கோள்கள் பல, 800 கி.மீ.யை ஒட்டிய உயரங்களிலேயே சுற்றுகின்றன. சிதறல் மிகுந்த பகுதியும் அதுவே. கடலுக்குச் செல்லும் மீனவர், விதைப்பு நாளை எண்ணும் உழவர், பனிப்பாறை உருகுவதை அளக்கும் அறிஞர் ஆகிய அனைவரும் அவ்வுயரத்தை நம்பியுள்ளனர். கோளொன்றையும் ஏவாத ஏழை நாடுகளும் அதனை நம்பியுள்ளன. அவ்வுயரம் பயனற்றுப் போனால், உடைத்தவர்க்கு நேரும் இழப்பினும் உடைக்காதவர்க்கு நேரும் இழப்பே பெரிது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்பதைப் பார்க்குமிடத்து, சொல்லின் சிக்கல் வெளிப்படுகிறது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், விண்வெளியை எந்நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. அதே ஒப்பந்தம், விண்ணில் ஏவப்பட்ட பொருளின்மீதுள்ள உடைமையும் ஆளுகையும் நீங்குவதில்லை என்றும் கூறுகிறது. அதாவது, இடம் பொது, பொருள் தனியுடைமை. செத்த கோளாயினும், அதன் உடைந்த துண்டாயினும், உடையவரின் இசைவின்றிப் பிறர் தொடுவதற்கில்லை. ஆயின் அதனை அகற்றியே தீரவேண்டும் என்று உடையவரைக் கட்டாயப்படுத்தும் விதி அவ்வொப்பந்தத்தில் இல்லை. உடைமை உண்டு, கடமை எழுதப்படவில்லை.

1972ஆம் ஆண்டின் பொறுப்பேற்பு உடன்படிக்கை இழப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. நிலத்தில் விழுந்து கேடு விளைத்தால் ஏவிய நாடே முழுப்பொறுப்பு. அணுவுலை தாங்கிய காஸ்மோஸ்-954 என்னும் சோவியத் கோள் 1978இல் கனடாவின் வடபகுதியில் விழுந்து கதிரியக்கத் துகள்களைச் சிதறியபோது, கனடா 60 இலட்சம் டாலர் கோரியது. 1981இல் 30 இலட்சம் டாலர் பெற்றது. விண்ணிலேயே கேடு நேர்ந்தாலோ, யார்மீது பிழை என்பதை மெய்ப்பிக்க வேண்டும். ஓட்டுநரில்லாத வண்டியின் பிழையை எவ்வாறு மெய்ப்பிப்பது?

ஆகவே 'குப்பை' என்னும் சொல் பொருந்தவில்லை. குப்பை என்பது உடையவன் உரிமை துறந்தது, இருக்குமிடத்திலேயே கிடப்பது, காலத்தால் மட்குவது. விண்ணில் உள்ளவற்றுக்கு இம்மூன்று இயல்புகளும் இல்லை. தமிழில் இதற்குத் தக்க சொல் வேறொன்று காத்திருக்கிறது. அது 'எச்சம்'. எஞ்சி நிற்பதும் எச்சம். ஒருவருக்குப் பின் நிற்கும் வழித்தோன்றலும் எச்சம். பறவை விட்டுச்செல்வதும் எச்சம். இலக்கணத்தில் முடிவு பெறாமல் நிற்கும் சொல்லும் எச்சமே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கே எச்சவியல் என்பது பெயர். 'ஏவி', 'பயன்படுத்தி' என்பன வினையெச்சங்கள். ஒரு முற்றினைக் கொண்டாலன்றி அவை முடியா. விண்வெளிக் காலத்தின் முதல் ஐம்பதாண்டுகள் பெரும்பாலும் அவ்வாறே கழிந்தன. ஏவினர், பயன்படுத்தினர் என்று அவர்கள் எண்ணினர்; உண்மையில் ஏவி, பயன்படுத்தி, வாக்கியத்தை நடுவில் விட்டனர்.

வாக்கியத்தை முடிக்கும் முயற்சிகள் தொடங்கிவிட்டன என்பது ஆறுதல். இந்திய நாட்டின் பட்டறிவே இதற்குத் தக்க சான்றாகும். 2001 அக்டோபர் 22ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி.-சி3 மூன்று கோள்களைச் செம்மையாக நிலைநிறுத்தியது. பணி முடிந்த அதன் நான்காம் நிலை மேலேயே சுற்றிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் 19ஆம் நாள் அது வெடித்து 300க்கு மேற்பட்ட துண்டுகளாயிற்று. வெற்றி என எழுதி முடித்த கணக்கில் இரண்டு திங்கள் கழித்து மிச்சம் வந்தது. அதன்பின், பணி முடிந்த நிலையில் எஞ்சிய எரிபொருளை வெளியேற்றி, வெடிக்க ஏதுவின்றி வெறுமையாக்கும் முறையை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. 2024 சனவரி முதல் நாள் சென்ற பி.எஸ்.எல்.வி.-சி58, தன் கோளை 650 கி.மீ.யில் விட்டபின், நான்காம் நிலையை 350 கி.மீ.க்கு இறக்கியது, அந்நிலை சில ஆய்வுகளையும் செய்து முடித்து, மார்ச் 21ஆம் நாள் காற்றில் எரிந்து மறைந்தது. இரண்டு திங்கள் கழித்து வெடித்த ஒன்றுக்கும், மூன்று திங்களுக்குள் தானே அகன்ற ஒன்றுக்கும் இடையே உள்ள தொலைவு இருபத்திரண்டு ஆண்டுகள். 2030க்குள் இந்திய ஏவுதல்கள் அனைத்தும் சிதறல் விடாதவையாக வேண்டும் என்னும் குறிக்கோளையும் 2024இல் அந்நிறுவனம் அறிவித்தது.

உலக அளவிலும் நெறிகள் உருவாகியுள்ளன. பணி முடிந்தபின் தாழ்சுற்றுப் பாதையை விட்டு 25 ஆண்டுகளுக்குள் அகல வேண்டும் என்பது 2002இல் பன்னாட்டு விண்வெளி நிறுவனங்களின் குழு வகுத்த நெறி. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2022இல் அதனை 5 ஆண்டாகக் குறுக்கியது. கோள் தகர்ப்புச் சோதனைகளைக் கைவிடுமாறு 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பழைய எச்சங்களை அணுகும் முயற்சியும் உண்டு. சப்பான் நாட்டு நிறுவனமொன்றின் கலம் 2024இல், அந்நாடே விட்ட பழைய ராக்கெட் பகுதியொன்றை 15 மீட்டர் வரை நெருங்கிக் கண்டு வந்தது. அதனைப் பற்றி இறக்கும் பணி இனித்தான் நிகழவேண்டும்.

இவை போதா என்பதும் உண்மை. நெறிகளுள் பல கட்டாயமற்றவை. 2019 முதல் ஒரே நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் கோள்கள் ஆயிரக்கணக்கில் ஏறியுள்ளன. ஐரோப்பாவின் என்விசாட் என்னும் எட்டு டன் கோள் 2012 ஏப்ரலில் பேச்சற்றுப்போய், இன்றும் அடர்ந்த பாதையில் சுற்றுகிறது. அது தானே வீழ ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகுமென்பது மதிப்பீடு. அதனைச் செய்தோரின் பேரர்க்குப் பேரர் காலம் வரை அது நிற்கும். எரித்துவிடுவதும் முழுத் தீர்வன்று. அடுக்கு வளிமண்டலத்தின் கந்தக அமிலத் துகள்களுள் பத்தில் ஒரு பங்கு அளவில், எரிந்த கலங்களின் உலோகம் கலந்துள்ளதை 2023இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. விண்ணிலிருந்து அகற்றியது காற்றில் வந்து சேர்கிறது.

அவையோரே, கவிஞர் ராக்கெட் செய்வதில்லை, சட்டம் இயற்றுவதுமில்லை. ஆனால் ஒரு மொழியில் எச்சொல் நிலைக்கும் என்பதில் அவர்க்குப் பங்குண்டு. செய்தித்தாளிலும் பாடநூலிலும் 'விண்குப்பை' என்னும் சொல் வேரூன்றி வருகிறது. அச்சொல்லைப் படிக்கும் மாணவன், யாரோ எறிந்தது, யாரோ கூட்டுவார் என்றே கொள்வான். 'விண்ணெச்சம்' என்று படித்தால், ஒரு வினை முடியாமல் நிற்கிறது, அதற்கு எழுவாய் உண்டு, அவ்வெழுவாயே அதனை முடிக்கவேண்டும் என்று கேட்கத் தோன்றும். இலக்கிய வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் இச்சொல்லை ஆய்ந்து, தக்கதெனின் வழங்கச் செய்யட்டும். இதனினும் தக்க சொல் கண்டால் அதனைத் தரட்டும். வான்கார்டின் அச்சிறு உருண்டை அப்போதும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.