கண்ணுக்குள் சென்று மீளும் ஒளி



மருதமுனையின் தறியொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நெசவாளருக்குக் கைகால்கள் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதவை கண்கள். பாவில் ஒரு நூல் அறுந்தால், நூற்றுக்கணக்கான நூல்களுக்கிடையே அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து முடிந்தாக வேண்டும். அத்தகைய தொழிலில் முப்பது ஆண்டு பழகிய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருநாள் அவருக்கு நேராக ஓடும் பாவு நூல் நடுவில் சற்றே வளைந்து தோன்றுகின்றது. வெளிச்சம் போதவில்லை என்று விளக்கை மாற்றுகின்றார். பின்னர் மூக்குக்கண்ணாடியை மாற்றுகின்றார். வயது போய்விட்டது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றார். பத்தாண்டுகளாகத் தமக்கிருக்கும் ‘சீனி வருத்தம்’ கண்ணுக்குள்ளும் புகுந்துவிட்டது என்ற எண்ணம் மட்டும் அவருக்கு எளிதில் தோன்றுவதில்லை.

நீரிழிவு என்று நூல்கள் கூறும் இந்நோய் இலங்கைக்குப் புதியதன்று. ஆயினும் அது பரவிய வேகம் புதியது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நாட்டின் ஒன்பது மாகாணங்களுள் ஏழில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தமக்கு நோயிருப்பதையே அறியாதிருந்தனர். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடந்த மற்றோர் ஆய்வோ, ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்று கூறுகின்றது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் இந்நோயாளர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் காணவேண்டும்.

இந்நோய் கண்ணைக் கெடுப்பது எவ்வாறு? கண்ணின் பின்புறச் சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கின்றது. அதன் தடிப்பு ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர். அதற்குள்ளேயே பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதற்கு உணவூட்டுகின்றன. இரத்தத்திற் சீனி பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் அக்குழாய்களின் சுவர்கள் நலிந்து, நீர் கசியத் தொடங்கும். கசிந்த நீர் விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் அவ்விடம் வீங்கும். நாம் எழுத்தை வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகத்தைக் கண்டு இன்னாரென்று அறிவதும் அந்த நடுப்பகுதியைக் கொண்டேயாகும்.

இதிலே கொடியது யாதெனின், இக்கேடு தொடங்கும்போது நோவு இல்லை, சிவப்பு இல்லை, பார்வையிற் குறைவும் பெரும்பாலும் இல்லை. வரம்பு உடைந்த பின்னரே வெள்ளத்தை அறியும் வயற்காரனைப்போல, நோயாளி பிந்தியே அறிகின்றார். ஆதலின், நோயாளி உணருமுன்னர் வைத்தியர் எவ்வாறு காண்பது என்பதே வினா.

கண்ணைப் பற்றிய ஆராய்ச்சி நீண்ட வரலாறுடையது. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருள்களைத் தொடுவதாற் பார்வை உண்டாகின்றது என்று பண்டைக் கிரேக்க அறிஞர் பலர் எண்ணினர். பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் தாம் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில் அதனை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகின்றது என்று பரிசோதனை கொண்டு நிறுவினார்.

கண்ணுக்குள் நுழைந்த ஒளியிற் சிறுபகுதி திரும்பியும் வருகின்றது. அதனைப் பிடித்து உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை 1851 ஆம் ஆண்டு ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உலகிற்கு அளித்தார். கண் வைத்தியம் அன்றே புது வாழ்வு பெற்றது. எனினும் அக்கருவி காட்டியது விழித்திரையின் முகத்தை மட்டுமே. மடித்து வைத்த சேலையின் மேல்மடிப்பைக் காணலாம். உள்மடிப்பில் நீர் ஊறியிருப்பதைக் காணல் அரிது.

உள்மடிப்பைக் காணும் வழியை விளக்கக் கடற்கரை மக்களுக்கு ஓர் உவமை கையருகே உண்டு. ஆழ்கடற் படகுகளில் உள்ள கருவி ஓர் ஒலியைக் கீழே அனுப்புகின்றது. அது கடலடியிலும் மீன்கூட்டத்திலும் பட்டு எதிரொலியாக மீள்கின்றது. மீண்டுவர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டால் ஆழம் தெரியும். ஒலிக்குப் பதிலாக ஒளியைக் கண்ணுக்குள் அனுப்பினால் என்ன? விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒளி சிறிது சிறிதாக மீளும். எந்த அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றது என்பதை அது சொல்லிவிடும் அன்றோ?

எண்ணம் எளிது, செயல் அரிது. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் செல்வது. விழித்திரையின் தடிப்பைக் கடக்க அதற்கு வேண்டிய நேரம், ஒரு நொடியை ஓர் இலட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு அளவேயாகும். அதனை அளக்கச் சாதாரண மின்கருவி எதனாலும் இயலாது. இங்கே துணைக்கு வந்தது பழைய பௌதிகவியற் பாடம் ஒன்று. ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, இருவேறு வழிகளில் அனுப்பி, மீண்டும் ஒன்றுசேர்க்கும் கருவியை மைக்கல்சன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைத்திருந்தார். தகுந்த ஒளியைத் தேர்ந்துகொண்டால், இரு கற்றைகளும் சம தூரம் சென்று மீண்டபோது மட்டுமே அவை ஒன்றோடொன்று இசைந்து, தெளிவான அடையாளம் ஒன்றைக் காட்டும். ஒரு கற்றையைக் கண்ணாடிக்கும் மற்றதைக் கண்ணுக்கும் அனுப்பி, கண்ணாடியைச் சிறிது சிறிதாக நகர்த்தினால், கண்ணின் எந்த ஆழத்திலிருந்து ஒளி மீள்கின்றது என்பதை அறியலாம். கடிகாரம் வேண்டியதில்லை, அளவுகோலே போதும்.

இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1960 ஆம் ஆண்டு மே மாதத்தில் தியடோர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன்பின் வளர்ந்த அதிவேக லேசர்த் துடிப்புக்களைக் கொண்டு கண்ணை அளக்க முயன்றவர் ஜேம்ஸ் புஜிமோட்டோ என்னும் பேராசிரியர். வைத்தியமும் விஞ்ஞானமும் ஒருங்கே பயின்ற மாணவர் டேவிட் ஹுவாங் அவரோடு சேர்ந்தார். செய்மதிகளுக்கிடையே ஒளி வழியாகச் செய்தி அனுப்பும் பணியிலிருந்த பொறியியலாளர் எரிக் சுவான்சனும் சேர்ந்தார். இவர்களும் இவர்தம் கூட்டாளிகளும் 1991 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தம் முதற் படங்களை வெளியிட்டனர். 1993 இல் உயிருள்ள மனிதரின் விழித்திரை அடுக்கடுக்காகப் படத்தில் தோன்றியது. 1996 இல் கருவி விற்பனைக்கு வந்தது. 2023 ஆம் ஆண்டு மூவருக்கும் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

இம்முறையை வைத்தியசாலைகளில் ஓ.சி.ரி. பரிசோதனை என்பர். தொடக்கக் கருவிகள் பயன்படுத்தியது லேசரின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஒரு விளக்கின் ஒளியை. இன்றைய உயர்தரக் கருவிகள் சிலவற்றில் நிறத்தை விரைந்து மாற்றும் லேசரே இயங்கி, நொடிக்கு ஓர் இலட்சம் கோடுகளை வரைகின்றது. மனித மயிரின் தடிப்பிற் பத்தில் ஒரு பங்கையும் பிரித்தறியும் கருவிகள் உள. நோயாளி செய்யவேண்டியது ஒன்றே: நாடியை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைச் சில நொடிகள் உற்றுநோக்குதல். ஊசியில்லை, கண்ணைத் தொடுதலும் இல்லை. நீர் தேங்கிய இடம் படத்திற் கருங்குழிகளாகத் தோன்றும். கண்ணுக்குள் இடும் மருந்தால் வீக்கம் வற்றியதா என்பதையும் அடுத்த படம் காட்டிவிடும்.

இதற்கு எல்லையும் உண்டு. கண் தெளிந்த ஊடகமாதலின் ஒளி தடையின்றிச் செல்கின்றது. தோல் முதலிய ஏனைய உறுப்புகளில் ஓரிரண்டு மில்லிமீற்றருக்கு அப்பால் அதனாற் காண இயலாது. கண்ணிலும், வெண்புரை முற்றியிருந்தாற் படம் மங்கும். கருவியின் விலையும் பெரிது. ஒவ்வோர் ஊரிலும் ஒன்றை நிறுவுதல் இயலாத காரியம்.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் வழிகாட்டுகின்றது. 1976 ஆம் ஆண்டு மதுரையில் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிராமங்களுக்குத் தானே சென்றது. பின்னாளில் ஊர்தியொன்றிற் கருவியை ஏற்றிச் சென்று, நீரிழிவு உடையோரின் விழித்திரையை நிழற்படம் எடுத்து, தொலைவிலிருந்த நிபுணர்களுக்கு அனுப்பிவைத்தது. எளிய நிழற்படத்தால் ஐயத்திற்குரியோரைப் பிரித்தெடுத்து, அவரை மட்டும் பெரிய கருவியுள்ள இடத்திற்கு அனுப்புதலே அறிவுடைய ஒழுங்கு. வாய்க்கால்கள் வயலுக்கு வயல் பிரிந்து நீரைக் கொண்டு செல்வதாலன்றோ சம்மாந்துறையின் நெல் விளைகின்றது! குளத்தை ஒவ்வொரு வயலிலும் வெட்டுவாரில்லை.

1995 ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகின்றது. ஒளிக்கற்றையைப் பிரித்துச் சேர்க்கும் பாடம் பௌதிகவியல் கற்கும் மாணவர் எவர்க்கும் உரியது. பரீட்சைக்குரிய பாடமென்று அதனை மனனம் செய்வோர், ஒரு தாயின் பார்வையைக் காத்த பாடம் அது என்பதையும் அறிந்து கற்பாராக.

எனினும் எத்துணை நுண்ணிய கருவியும் வராத நோயாளியைக் காணாது. பார்வை குறைந்தபின் கண்ணைக் காட்டுவது நெடுநாளைய வழக்கம். நீரிழிவு உடையோருக்கு அவ்வழக்கம் பகை. ஆண்டுக்கு ஒருமுறையேனும், குறையொன்றும் தோன்றாவிடினும், விழித்திரையைப் பரிசோதிப்பிக்க வேண்டும். இரத்தச் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்பாட்டில் வைத்தல் வேண்டும். கோடுகள் வளைந்து தோன்றினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

மருதமுனை நெசவாளரிடம் மீள்வோம். நூல் வளைந்ததாகத் தோன்றிய அன்றே அவர் சென்றிருந்தாலும் நன்மையே. காலத்தோடு செய்யும் வைத்தியம் எஞ்சிய பார்வையைப் பெரும்பாலும் காக்கும். நூல் நேராகத் தோன்றிய நாளிலேயே அவர் சென்றிருந்தால் அதனினும் பெரிய நன்மை. வாப்பாவின் சீனியை மாதந்தோறும் பார்ப்பிக்கும் பிள்ளைகள், உம்மாவின் மாத்திரையை மறவாது எடுத்துக் கொடுக்கும் பெண்மக்கள், இவ்வொன்றையும் அதனோடு சேர்த்துக்கொள்ளட்டும். கண் நன்றாகத் தெரியும் நாளே கண்ணைக் காட்டுவதற்குரிய நாள்.