எலும்பைக் கரைக்கும் செல்லுக்குக் கட்டளை யார் தருவது?

(தரங்கம்பாடியில் அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எலும்புக்கூட்டுப் படத்தைக் காட்டி, 206 என்று எண்ணிக்கை சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். வீட்டுத் தூணைப் போல எலும்பும் உயிரற்றது என்றே பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தினமும் இடிபட்டுத் தினமும் கட்டப்படுகிறது. பெரியவர்களின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் புதிதாகிறது. கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். இடிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட். பல செல்கள் ஒன்றுசேர்ந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல்லாகி, அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்கின்றன. (மெல்லிய கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்துக் காட்டுங்கள். வளைவதைப் பார்த்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.)

கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் தோன்றும் அதே முன்னோடிச் செல்லிலிருந்துதான் ஆஸ்டியோகிளாஸ்ட்டும் தோன்றுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மதகு தெரியும். ஒரே காவிரித் தண்ணீர்தான். எந்தப் பலகையைத் தூக்குகிறோமோ அந்த வாய்க்காலில் பாயும். ஆஸ்டியோகிளாஸ்ட் பக்கம் பலகையைத் தூக்கும் முக்கியமான மூலக்கூறு 'ராங்க்-எல்'. எலும்புச் செல்கள் மட்டுமல்ல, நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களும் இதைத் தருகின்றன. முடக்குவாதத்தில் மூட்டு அழற்சி ஓய்வதில்லை. டிஎன்எஃப், இன்டர்லியூகின்-1, இன்டர்லியூகின்-17 போன்ற சைகைகள் பெருகி, இடிக்கும் செல்களைக் கூட்டிவிடுகின்றன. ஈறு நோயிலும் அப்படித்தான். தாடை எலும்பு கரைவதற்குப் பெரும்பாலும் காரணம், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் உடலின் சைகைகளே.

தடுக்கும் சைகைகளும் உண்டு. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் மோகன் வானி குழுவினர் 2003இல் எலிச் செல்களில் ஒன்றைக் காட்டினார்கள். இன்டர்லியூகின்-3 கொடுத்தால் முன்னோடிச் செல் மேக்ரோபேஜ் பக்கம் திரும்பிவிடுகிறது. பலகையை மாற்றினால் தண்ணீர் மறுபடி வரும்; இந்தச் செல்லோ மறுபடி ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகவில்லை. உவமை அங்கே நின்றுவிடுகிறது, அதையும் வகுப்பில் சொல்லிவிட வேண்டும். 2010இல் மனிதச் செல்களிலும் இன்டர்லியூகின்-3 ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாவதைத் தடுப்பதைக் கண்டார்கள். இவை ஆய்வுக்கூட முடிவுகள். மருந்து கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். ராங்க்-எல்லையே தடுக்கும் டெனோசுமாப் என்ற மருந்துக்கு, எலும்பு மெலிதல் நோய்க்காக, அதே ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். நடவுக்குப் போகும் பெண்களின் கைவலியை 'வாயு' என்று சொல்லித் தைலம் தடவிக்கொண்டே வருடங்களைக் கடத்துகிறோம். இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கி, காலையில் நெடுநேரம் விரல் மடங்காமல் இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். முப்பது வயதிலும் வரும். கணுவில் கரைந்துபோன எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. அதனால் முதல் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும்.

பாடம் நடத்திய மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எங்க அம்மாவால காலையில சொம்பைப் பிடிக்க முடியல டீச்சர்" என்றாள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.