சீனக்குடாவில் மூண்ட தீ

ஈச்சிலம்பற்றில் ஓலைக் குடிசையொன்று இராவேளையில் தீப்பற்றினால், அயலவர் குடமும் வாளியுமாய் ஓடிவருவர். கொட்டியாரக்குடாவிற்கு அப்பால், சீனக்குடாவில் 1942ஆம் ஆண்டு மூண்ட தீயோ எவர் குடத்துக்கும் அடங்குவதாயில்லை.

ஏப்பிரல் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளும் தாங்கியொன்றின் மீது மோதிற்று. தீ ஏழு நாள் எரிந்தது என்பர். விமானி வேண்டுமென்றே மோதினானா, நிலைதவறி வீழ்ந்தானா என்பதில் இருவேறு பேச்சுண்டு. அயலில் இருந்தோர்க்கு அதனால் என்ன? போர்க்காலக் கட்டளைப்படி விளக்கை மறைத்து இருளைக் காத்த மக்களுக்கு, மறைக்கவொண்ணா விளக்காய் அத்தீ நின்றது. அணைக்க வழியில்லை, எதிரி மீளான் என்பதற்கும் உறுதியில்லை. பலர் ஊரை விட்டே அகன்றனர்.

வெப்பத்தால் உருகிச் சரிந்த இரும்புச் சுவர்கள் இன்றும் காட்டினிடையே கிடக்கின்றன.