எளியோர்க்கு உரை கண்ட நாவலர் நாட்டார்

(பூதலூர்க் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



மண் சுமந்த கதையை அறியாதார் இவ்வூரில் ஒருவரும் இரார். வையை பெருகிக் கரையை உடைத்தது. கரையை அளந்து, ஆளுக்கொரு பங்காக அடைக்குமாறு பாண்டியன் பணித்தான். ஆளில்லாத பிட்டு வாணிச்சி வந்திக்குக் கூலியாளாய் இறைவன் வந்தான், பிட்டை உண்டான், மண் சுமவாமல் ஆடிப் பாடித் திரிந்தான், பிரம்படி பட்டான். அவ்வடி அடித்தவன் முதுகிலும் பட்டது. கல்லணைக்குக் கீழே வாழும் உழவர்க்கு இக்கதையை விளக்க வேண்டுவதில்லை. 1924-ஆம் ஆண்டு காவிரியும் கொள்ளிடமும் கரைமீறிப் பெருகியதைக் கண்டவர் வழிவந்தோர்க்குக் கரையடைப்பின் அருமை தெரியும்.

ஆயினும், இக்கதை எந்நூலில் உள்ளது, அந்நூலைப் படித்தவர் எத்துணைப் பேர் என்று வினவினால் அவை அமைதியாகிவிடும். கதை ஊரார் வாயில் வாழ்ந்தது. நூலோ புலவர் பேழையிற் கிடந்தது. இடையில் நேர்ந்த அவ்வுடைப்பை அடைத்தவர்களுள் தலையாயவர், இவ்வூர்க்கு அணித்தேயுள்ள நடுக்காவிரியில் 1884-ஆம் ஆண்டு தோன்றிய நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார்.

அவர் செல்வக் குடியிற் பிறந்து கல்லூரி ஏறிக் கற்றவர் அல்லர். உழவர் குடியிற் பிறந்து, வீட்டிலிருந்தே நூல்களை ஓதி, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் மூன்று தேர்வுகளையும் 1905 முதல் 1907 வரை மூன்றே ஆண்டுகளில் எழுதி வென்றார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், இறுதியிற் கரந்தைப் புலவர் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். ஆசிரியர் துணையின்றி நூலொடு போராடிய அவருக்கே, துணையற்ற எளிய மாணவன் எவ்விடத்தில் இடறுவான் என்பது தெரிந்திருந்தது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய சிறுவர் நூல்களுக்கும் அவர் உரை வரைந்ததை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

மண் சுமந்த கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61-ஆம் படலம். மதுரை, கூடல், திருவாலவாய் என்னும் மூன்று காண்டங்களில் 64 விளையாடல்களைக் கூறும் அந்நூல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களை உடையது. அதனை இயற்றியவரும் இக்காவிரிநாட்டுத் திருமறைக்காட்டினரே. கோயில் மண்டபங்களில் ஒருவர் படிக்க, மற்றொருவர் பொருள் சொல்ல, ஊரார் கேட்பது பழைய வழக்கம். பொருள் சொல்பவர் கூட்டினாலும் குறைத்தாலும் கேட்பவர்க்குத் தெரியாது. நாட்டாரோ செய்யுள்தோறும் சொல்லைப் பிரித்தார், சொல்லுக்குச் சொல் பொருள் வைத்தார், இலக்கணம் காட்டினார், ஒத்த கருத்துடைய பழந்தமிழ்ப் பாட்டுகளை அருகே நிறுத்தினார். வடசொல் மலிந்த செய்யுளும் தமிழ் மட்டும் அறிந்தார்க்கு விளங்கலாயிற்று. எழுத்தறிந்த எவரும் தாமே படித்துத் தாமே தெளியும் நிலை பிறந்தது.

சிலப்பதிகாரத்தில் அவர் செய்த தொண்டு இதனினும் பெரிது. அடியார்க்குநல்லார் உரை ஊர்சூழ்வரிக் காதையோடு நின்றுவிடுகின்றது. அடுத்தது வழக்குரை காதை! கண்ணகி சிலம்பை ஏந்தி அரசன் வாயிலில் நிற்கும் இடத்தில் விரிந்த உரை இல்லை. அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் அரும்பதவுரை மட்டுமே உண்டு. எளிய கற்பவன் அரண்மனை வாயில் வரை வந்து, உள்ளே நுழைய இயலாமல் நின்றான். 1942-ஆம் ஆண்டு வெளிவந்த நாட்டார் உரை, காப்பியம் முழுமைக்கும் ஒரே சீராக அமைந்து அவ்வாயிலைத் திறந்தது. மணிமேகலைக்கும் உரை எழுதத் தொடங்கினார். அது முடியுமுன் 1944-இல் மறைந்தார். எஞ்சிய காதைகளுக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரை கண்டு நிறைவித்தார்.

இங்கே ஒரு தடை எழும். தமிழின் மீட்சிக்குப் பாடுபடுவோர்க்குப் புராணக் கதை எதற்கு என்று தோழர் சிலர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. நாட்டார் வாழ்விலேயே அதற்கு விடை உண்டு. நக்கீரரைப் பற்றிய திருவிளையாடற் படலங்களுக்கு உரை செய்தவரும் அவரே. 1919-இல் ‘நக்கீரர்’ என்னும் ஆராய்ச்சி நூலை எழுதியவரும் அவரே. கதையைக் கதையாக விளக்கினார். வரலாற்றை வரலாறாக ஆராய்ந்தார். ஒன்றற்காக மற்றொன்றை எரிக்கவில்லை. போற்றுவோனும் மறுப்போனும் முதலில் நூலைப் படித்தாக வேண்டும். படியாத போற்றல் குருட்டுப் பற்று. படியாத மறுப்பு வெற்றுக் கூச்சல்.

குறையொன்றும் மறைக்க வேண்டா. ‘கள்ளர் சரித்திரம்’, ‘சோழர் சரித்திரம்’ என அவர்தம் நூற்பெயர்களிலேயே வடசொல் நின்றது. அதனைத் திருத்துவது பின்வந்தோர் கடன். ஆனால், திருத்துவதற்குரிய தமிழறிவைத் தந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை மறத்தல் நன்றியன்று.

1965-இல் வெளிவந்த திரைப்படத்தால் தருமியின் கதை பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. இறைவன் பாட்டே ஆயினும் குற்றம் குற்றமே என்று நின்ற கீரனின் உறுதியைச் சிறுவரும் நடித்துக் காட்டுவர். நன்று. ஆயினும் அச்சிறுவருள் எத்தனை பேர் 52, 53-ஆம் படலங்களைப் புரட்டியிருப்பர்? அன்று நூலுக்கும் மக்களுக்கும் இடையே நின்றது உரையின்மை. இன்று உரை உண்டு. இணையத்தில் விலையின்றியும் கிடைக்கின்றது. இன்று நிற்பது சோம்பல் ஒன்றே. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இடர்ப்படும் தலைமுறை உருவாகிவிட்டால், நாட்டார் உரைக்கே மற்றோர் உரை தேவைப்படும்.

ஆகவே பூதலூர்ப் பெருமக்களே! கிழமைக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். பிள்ளை ஒருவன் செய்யுளைப் படிக்கட்டும். மற்றொருவன் நாட்டார் உரையைப் படிக்கட்டும். முதியோர் கேள்வி கேட்கட்டும். மண் சுமந்த படலத்திலிருந்தே தொடங்குங்கள். கரையடைப்பில் ஆளுக்கொரு பங்கு உண்டு என்பதே அக்கதை. தமிழ்க்கரையிலும் வீட்டுக்கொரு பங்கு அளந்தே கிடக்கின்றது. வந்திக்கு வந்தது போல் நமக்குக் கூலியாள் வரமாட்டான்.

வாழ்க தமிழ்! வளர்க நாட்டார் புகழ்!