சிதறும் அலையும் நம் பிள்ளைகளின் கணக்கும்



ஏலத்தோட்டத்திற்கு ஜீப்பேறும் நம் தாய்மார்கள், போடிமெட்டு வளைவுகளில் கைப்பேசி அடங்கிப்போவதை அறிவர். மலை மறைப்பது ஒருபுறமிருக்க, பாறையில் மோதிய வானலைகள் பல வழிகளில் முன்பின்னாக வந்து ஒன்றையொன்று குலைப்பதும் உண்டு. அச்சிதறலைப் பொறியாளர்கள் நெடுங்காலம் தொல்லையென்றே கருதினர்.

பொள்ளாச்சியில் 1944இல் பிறந்து, கடற்படை அதிகாரியாக இருந்தபோதே 1973இல் டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆரோக்கியசாமி பால்ராஜ், அதையே வாய்ப்பாகக் கொண்டார். இருமுனையிலும் பல ஆண்டெனாக்களை வைத்து, வெவ்வேறு வழியில் வரும் அலைகளைக் கணக்கிட்டுப் பிரித்தால், ஒரே அலைவரிசையில் பல செய்திகளை ஒருங்கே அனுப்பலாம். இதற்கு 1992இல் தாமஸ் கைலாத்துடன் காப்புரிமை கோரினார். நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகள் இம்முறையிலேயே இயங்குகின்றன.

அலைகளைப் பிரிக்கும் அக்கணக்கு, பத்தாம் வகுப்பு ‘அணிகள்’ பாடத்தின் தொடர்ச்சியே. அப்பாடம் கடினம், விட்டுவிடு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதை நாம் ஏற்கவில்லை.