நான்கு பேர், ஒரு வான், ஒன்பது இரவுகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் நால்வரும் ஒரே வகுப்பு, விடுதியிலும் ஒரே அறை. பிறகு ஒருத்தி யாழ்ப்பாணத்தில் இருக்க, மற்றவர்கள் ஜேர்மனி, கனடா, இலண்டன் என்று போய்விட்டோம். அறுபது கடந்தபின் சேர்ந்து பழைய நகரங்கள் சிலவற்றைப் பார்க்க ஆசைப்பட்டோம். ஹோட்டல் கணக்கு ஓய்வூதியத்துக்குக் கட்டவில்லை. "அப்ப வீட்டையே கொண்டு போவம்" என்றாள் ஜேர்மனிக்காரி.

ஒக்டோபரில் வாடகை குறைவு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வான். மூன்றரைத் தொன்னுக்கு உட்பட்டதால் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமே போதும். நெடுஞ்சாலைக்குச் சுங்கமும் இல்லை. வூர்ஸ்பேர்க்கிலிருந்து அவுக்ஸ்பேர்க் வரை, 'றொமான்டிக் வீதி' என்று அவர்கள் பெயரிட்ட பாதையால் போனோம். ஊர்தோறும் மதிலுக்கு வெளியே இத்தகைய வான்களுக்கென்றே தரிப்பிடம் உண்டு. நாங்கள் நின்ற இடங்களில் ஓரிரவுக்கு 10 முதல் 20 யூரோ வரை. காசு போட்டால் தண்ணீர் வரும். அழுக்குத் தண்ணீரை ஊற்றவும் இடம் உண்டு. கழிப்பறைப் பெட்டியை யார் வெளியேற்றுவது என்பதற்கு, விடுதியில் மேற்றன் போட்டதுபோல முறைப்பட்டியல் எழுதி ஒட்டினோம். முறை தப்பியவள் யார் என்பதை இங்கே சொல்ல மாட்டோம்.

பகலில் பாணும் சீஸும், இரவில் புட்டும் ரின் மீன் குழம்பும். பழைய நகரத்துத் தெருக்களில் வான் நுழையாது. வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டும். எங்கள் முழங்கால்களுக்கு அது தண்டனைதான். ஆனாலும் சுற்றுலா பஸ்கள் போனபின், காசில்லாமல் மதில்மேல் நடந்த மாலைகளே எங்களுக்கு மிச்சம். நோர்ட்லிங்கனில் மதில் முழு வட்டமாக நிற்கிறது. அந்த ஊர் இருப்பதே ஏறக்குறைய 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்தில். இரவு பத்து மணிக்குக் கோபுரக் காவலாளி மேலிருந்து குரல் கொடுப்பது வானுக்குள் படுத்திருந்த எங்களுக்கும் கேட்டது.

எங்களை நிறுத்தி வைத்தது றொத்தன்பேர்க். படத்தில் பார்த்தால் பொம்மை ஊர். அதே ஊர்தான் 1938 ஒக்டோபரில் தன் கடைசி யூதர்களைத் துரத்தியது. 1945 மார்ச் 31இல் குண்டு விழுந்து கிழக்குப் பகுதி எரிந்தது, மதிலின் பெரும் துண்டும் இடிந்தது. திரும்பக் கட்டப் பல நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. கொடுத்தவர்களின் பெயரும் ஊரும், எத்தனை மீற்றருக்குக் கொடுத்தார்கள் என்பதும் மதிலிலேயே கல்லில் பதித்திருக்கிறது. ஜப்பான்காரரும் இருக்கிறார்கள், அமெரிக்கரும் இருக்கிறார்கள். பலருக்கு ஒரேயொரு மீற்றர்.

எங்களில் ஒருத்தி பாடசாலை நூலகக் கூரை நிதிக்கு ஒரு சதமும் அனுப்பாதவள். "திரும்பிப் போகாத இடத்துக்கு என்னத்துக்கு?" என்று கேட்பாள். அதனால் யாழ்ப்பாணத்தவளுக்கும் அவளுக்கும் ஆறு வருடம் பேச்சில்லை. பயணத்துக்கு இருவரையும் இழுத்து வந்ததே பெரும்பாடு. அன்று அவள் பெயர் பெயராக வாசித்துக்கொண்டு பின்தங்கிவிட்டாள். இருட்டியபின் வானுக்கு வந்து, "கூரை இன்னும் ஒழுகுதா?" என்று மட்டும் கேட்டாள். "மழைக்கு மேசைகளை நகர்த்திறம்" என்றாள் மற்றவள். அன்றைக்குக் கழிப்பறைப் பெட்டியை இருவரும் சேர்ந்தே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவுக்ஸ்பேர்க்கில் ஃபுக்கராய் பார்த்தோம். 1521இல் யாக்கோப் ஃபுக்கர் ஏழைகளுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு. இன்றும் வருட வாடகை 88 சதம்தான், நாளுக்கு மூன்று செபத்தோடு. இரவு பத்துக்கு வாசல் பூட்டுவார்கள். "விடுதியேதான்" என்று நால்வரும் சிரித்தோம்.

வானைத் திருப்பிக் கொடுத்தபோது பொதுப் பணப்பையில் 84 யூரோ மிச்சம். பங்கிட வேண்டாம் என்று சொன்னவள் அந்த ஒருத்திதான். தன் பங்குக்கு மேலும் போட்டு உறையில் வைத்து ஒட்டினாள். இன்று காலை பொருளாளரிடம் கொடுத்துவிட்டோம். பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.