ஒரு நாள் பயிற்சியும் வாழ்நாள் யோகமும்



திருக்கோயிலில் குடமுழுக்கு நிகழ்வதற்கு முன்னர் அட்டபந்தனம் சாத்துதல் மரபு. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, சாதிலிங்கம், செம்பஞ்சு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களை அளவறிந்து கூட்டி, நெடும்பொழுது இடித்து, இளகிய பதத்தில் எடுத்துத் திருவுருவத்துக்கும் பீடத்துக்கும் இடையே சாத்துவர். எட்டில் ஒன்று குறையினும் பிணிப்பு உறுதிப்படாது. ஆதலின் பதமறிந்த ஒருவர் அருகிலிருந்து பார்த்துச் செய்விக்க வேண்டிய பணி அது.

யோகமும் அத்தகையதே. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளால் ஆகியது அது. அலையும் மனத்தை அதற்குரிய பீடத்தில் நிலைபெறச் செய்யும் அட்டபந்தனம் என்றே அதனைக் கூறலாம். இங்கும் எட்டும் வேண்டும், அளவு வேண்டும், பதமறிந்த ஆசிரியர் அருகில் வேண்டும்.

இக்காலத்தில் யோகம் உலகெங்கும் பரவியிருக்கின்றது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ஆம் நாளை அனைத்துலக யோக நாளாக அறிவித்தது. 2015 முதல் அந்நாள் ஆண்டுதோறும் கொண்டாடப்பெறுகின்றது. அஃதன்றி, அண்மையிலுள்ள பல ஊர்களில் யோகம் பயில்வோர் ஒரு பொது இடத்தில் ஒரு பகல் முழுதும் கூடி, பழுத்த அனுபவமுடைய ஆசிரியர்களிடம் பயிற்சி பெறும் வட்டாரப் பயிற்சி நாட்களும் நடைபெறுகின்றன. ‘ஒரே நாளில் யோகம் கைவந்துவிடுமா?’ என்று வினவுவோர் உளர். கைவராது. ஆயினும் அந்த ஒரு நாள் வீணன்று. அது தருவது யாது, தராதது யாது என்பதைத் தெளிந்து செல்வோர் பயன் பெறுவர். தெளியாது செல்வோர் உடலுக்கு ஊறு தேடிக்கொள்ளவும் கூடும்.

முதலாவதாக, நூல்கள் யோகத்தை எவ்வாறு வைத்துள்ளன என்று நோக்குதல் வேண்டும். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் நான்கு பாதங்களை உடையது. அதன் சூத்திரங்கள் 195 என்பர். 196 எனக் கொள்வாரும் உளர். அவற்றுள் ஆசனத்தை நேரே கூறுவன மூன்றே. உடல் அசைவின்றி நிலைத்திருக்க வேண்டும், இருப்பு இனிதாகவும் இருக்க வேண்டும் என்பதே அங்கு அடிப்படை. முயற்சியின் இறுக்கம் தளர்ந்தபோதுதான் ஆசனம் கைகூடுகின்றது என்பது அதன் கருத்து. பல்லைக் கடித்துக்கொண்டு காலை வளைப்பது அன்று ஆசனம்.

தமிழில் திருமூலநாயனார் அருளிய திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாக அமைந்தது. அதன் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது. பதஞ்சலியார் இயமம் ஐந்து, நியமம் ஐந்து எனக் கூற, திருமூலர் அவற்றைப் பத்துப் பத்தாக விரிக்கின்றார். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலியவற்றோடு பகுத்துண்ணலையும் இயமத்துள் வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. பிறர் பசியை அறியாதவன் தன் மூச்சை எண்ணிப் பயன் என்ன? பயிற்சி நாளில் பல ஊரினரும் ஒரு பந்தியில் அமர்ந்து உண்ணும் வேளையும் யோகத்தின் ஒரு பகுதியே என்பதை இதனால் உணரலாம்.

இனி, ஆசிரியரைப் பற்றி எண்ணுவோம். பதஞ்சலி முனிவர் ஆதிசேடனின் அவதாரம் என்பதும், தில்லையில் வியாக்கிரபாதரோடு கூத்தப்பெருமானின் நடனத்தைக் கண்டு மகிழ்ந்தவர் என்பதும் மரபு. அவர் இலக்கணம் கற்பித்ததைப் பற்றி ஒரு வரலாறு வழங்குகின்றது. மாணாக்கர் ஆயிரவர் ஒருங்கே வந்து கூடினர். முனிவர் திரையொன்றை இட்டு, அதன் பின்னே ஆயிரம் முகம் கொண்ட சேடனாக அமர்ந்து, ஆயிரவர்க்கும் ஒரே வேளையில் தனித்தனியே பாடம் சொன்னார் என்பது அவ்வரலாறு. மாணாக்கர் ஆயிரவர் எனின் வாயும் ஆயிரம் வேண்டும். ஒவ்வொருவர் ஐயமும் வேறு வேறாதலின் விடையும் வேறு வேறு. மானிட ஆசிரியர்க்கோ வாய் ஒன்று, கண் இரண்டு. ஆதலின் ஓர் ஆசிரியரிடம் பெருங்கூட்டத்தை ஒப்படைத்து, எல்லார்க்கும் ஒன்றையே ஒரே அளவில் கற்பிக்கச் செய்தல் தகாது.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் யோகாசாரியர் திருமலை கிருஷ்ணமாசாரியார். 1888-ஆம் ஆண்டு இன்றைய கருநாடக மாநிலத்தில் பிறந்த அவர், 1930-களில் மைசூர் மன்னரின் ஆதரவில் அரண்மனை யோகசாலையை நடத்தினார். அங்கு இளஞ்சிறார்க்கு விரைவும் வலிமையும் மிக்க பயிற்சிகளைக் கற்பித்தார். பின்னர் 1950-களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1989-இல் மறையும் வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். சென்னையில் அவரை நாடி வந்தவர்களுள் முதியோரும் பிணியாளரும் இருந்தனர். அவர்களுக்கு அவரவர் வயது, உடல்நிலை, தொழில், மனப்பாங்கு ஆகியவற்றை ஆராய்ந்து தனித்தனியே கற்பித்தார்.

அவர்தம் மாணாக்கர் மூவரை நோக்கினும் இஃது புலனாகும். பட்டாபி ஜோயிஸ் மூச்சோடு இயைந்து ஓடும் ஆசனத் தொடரைப் பரப்பினார். இளமையில் நோயால் நலிந்திருந்த பி. கே. எஸ். ஐயங்கார், கயிறு, மரக்கட்டை, வார் முதலியவற்றைத் துணையாகக் கொண்டு, வளையாத உடலினரும் ஆசனத்தின் நேர்மையை உணரும் வழி கண்டார்; 1966-இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல் உலகெங்கும் பயிலப்பெறுகின்றது. கிருஷ்ணமாசாரியாரின் மைந்தர் தேசிகாச்சார், ஆளுக்கேற்ற பயிற்சி என்னும் நெறியையே தம் பணியாகக் கொண்டு, 1976-இல் சென்னையில் தந்தையார் பெயரால் யோக மந்திரத்தை நிறுவினார். ஊற்று ஒன்று, வாய்க்கால் மூன்று. பயிற்சி நாளொன்றில் வெவ்வேறு மரபின் ஆசிரியர்கள் வெவ்வேறு விதமாகக் கூறக் கேட்டு மயங்குவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

ஆசிரியர் அருகில் இல்லாத பயிற்சியால் விளையும் தீங்கையும் மறைத்தல் ஆகாது. சிரசாசனத்தில் உடலின் பாரம் கழுத்தெலும்பின் மேல் அழுந்தக்கூடும். கண்ணினுள் இருக்கும் அழுத்தமும் மிகும். கழுத்து நோயுடையோர்க்கும், கண்ணழுத்த நோயுடையோர்க்கும் அஃது ஏற்றதன்று. திருமூலர் மூச்சுப் பயிற்சியில் உள்ளிழுத்தற்கு 16, உள்நிறுத்தற்கு 64, வெளிவிடுதற்கு 32 மாத்திரை என அளவு வகுத்துள்ளார். இவ்வளவைக் கேட்டவுடன் வீடு சென்று 64 மாத்திரை மூச்சை அடக்கிப் பார்ப்பது அறிவுடைமை ஆகாது. இரத்த அழுத்தம் மிக்கோரும் இதய நோயாளரும் மூச்சை அடக்குதலை விலக்குதல் வேண்டும். அனுபவமுடைய ஆசிரியர் முதலில் மூச்சை அடக்கவே விடுவதில்லை. இழுப்பதும் விடுவதும் ஓசையின்றி, நடுக்கமின்றி, இயல்பாக நிகழும் வரை காத்திருப்பார்.

‘இன்னும் வளை’ என்று சொல்ல எவராலும் இயலும். ‘இன்று இவ்வளவே போதும்’ என்று சொல்லப் பழுத்த ஆசிரியரால்தான் இயலும். மாணாக்கர் முகத்தில் தோன்றும் சுளிப்பு, தடைப்படும் மூச்சு, உயர்ந்து நிற்கும் தோள் ஆகியவற்றை அவர் கண் ஒரு நொடியில் கண்டுகொள்கின்றது. பல ஆண்டுகளாகத் தாமே செய்து வந்த பிழையொன்றை அவர் கை மெல்லத் திருத்தும்போது மாணாக்கர் வியப்படைகின்றனர். ஒரு நாள் பயிற்சி தரும் பெரும்பேறு இதுவே.

இத்தகைய நாளை அமைப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். தொடக்க நிலையினரையும் முதிர்ந்தோரையும் தனித்தனிக் குழுவாக்குதல் வேண்டும். ஒவ்வொருவர் உடற்குறையையும் ஆசிரியர் முன்னரே கேட்டறிதல் வேண்டும். ஆசனப் பயிற்சி உணவுக்கு முன்னரே நிறைவுறுமாறு காலத்தை வகுத்தல் வேண்டும். பயிற்சியின் முடிவில் சவாசனத்தில் கிடந்து இளைப்பாறுதற்குப் போதிய பொழுது அளித்தல் வேண்டும். ஐயம் வினவுதற்கெனத் தனி நேரம் ஒதுக்குதல் மிகவும் இன்றியமையாதது. ஆசனங்களின் எண்ணிக்கையைப் பெருக்குதல் சிறப்பன்று. இரண்டு மூன்றைச் செம்மையாகக் கற்றுச் செல்வதே சிறப்பு.

அந்நாள் தராதது ஒன்று உண்டு. அது நிலைபேறு. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு பயின்றாலன்றிப் பயிற்சி வேரூன்றாது என்பது பதஞ்சலியார் கொள்கை. குடமுழுக்கு ஒரு நன்முகூர்த்தத்தில் நிகழ்கின்றது. அத்தோடு கோயிற்பணி முடிந்துவிடுவதில்லை. அடுத்து 48 நாள் மண்டலாபிடேகம் நடைபெறுகின்றது. அதன் பின்னர் நாள்தோறும் காலந்தவறாத பூசை தொடர்கின்றது. விளக்கேற்றுவார் இன்றி இருண்டு கிடக்கும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த நாள் மட்டும் என்ன சிறப்பைத் தரும்? அவ்வாறே பயிற்சி நாளில் ஆசிரியர் காட்டிய ஒரு திருத்தத்தை மறுநாள் விடியற்காலையில் தன் வீட்டுத் திண்ணையில் தனித்திருந்து செய்பவனே யோகம் கற்றவன். ஒரு மண்டலம் தவறாது செய்வானாயின் அது பழக்கமாகும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது இயல்பாகும்.

அன்பர்களே! கூடிக் கற்கும் நாள் வித்திடும் நாள். தனித்துப் பயிலும் நாட்கள் நீர் பாய்ச்சும் நாட்கள். உடம்பை இறைவன் உறையும் ஆலயம் என்று கண்டவர் திருமூலர். கல்லாலாகிய ஆலயத்தைப் புதுப்பித்து மகிழும் இந்நன்னாளில், உடலாகிய ஆலயத்தையும் நல்லாசிரியர் துணையால் பழுது நீக்கி, நாள்வழிபாடு குன்றாது காத்து, அனைவரும் நலமெலாம் பெற்று வாழ்வார்களாக!